மூச்சை வாடகைக்கு எடுக்கும் முன்...

அந்தமான் போய்விட்டு வந்த புதுமணத் தம்பதியிடம் போட்டோ காட்டச் சொல்லிப் பாருங்கள். செல்லுலார் ஜெயில் வாசலில் ஒன்று, சூரிய அஸ்தமனத்தில் ஒன்று... அப்புறம் கட்டாயம் தண்ணீருக்கு அடியில் ஒன்று! முகத்தில் கண்ணாடி, முதுகில் சிலிண்டர், வாயில் ரப்பர் மௌத்பீஸ், சுற்றிலும் வரிவரியாக மீன்கள். மாப்பிள்ளை ஜம்மென்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக் கொண்டிருப்பார். (தண்ணீருக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் 'பிரமாதம்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டர் பாவம், குழம்பித்தான் போயிருப்பார்!)

ஸ்கூபா டைவிங் இன்றைக்குப் பணக்காரர்கள் மட்டும் ஆடுகிற ஆட்டமில்லை. அந்தமான், லட்சத்தீவு, கர்நாடகத்தில் முருடேஸ்வர் பக்கத்து நேத்ராணி தீவு, நம் புதுச்சேரி என்று பல இடங்களில் நீச்சல் தெரியாதவர்களைக்கூட இன்ஸ்ட்ரக்டர் கையைப் பிடித்துக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டுகிறார். கிளம்புவதற்கு முன்னால் வீட்டில் நடக்கிற விசாரணையைக் கேட்க வேண்டுமே! "சுறா வருமாடா?" என்பார் அம்மா. "காதுல தண்ணி போயிடாதா?" என்பார் பாட்டி. "எவ்வளவு கேட்கிறான்?" என்பார் அப்பா. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால், ஒரு கேள்வியை மட்டும் யாருமே கேட்பதில்லை.

வாயில் வைத்து மூச்சு விடப் போகிறோமே, அந்தக் கருவி எந்தக் கம்பெனியுடையது? கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தார்கள்? 'இந்த மாடலில் கோளாறு இருக்கிறது, உடனே திருப்பிக் கொடுங்கள்' என்று அதைத் தயாரித்த கம்பெனியே அறிவித்திருக்கிறதா?

கம்பெனியே அப்படி அறிவிக்குமா என்று கேட்காதீர்கள். அறிவிக்கிறது. அதற்குப் பெயர்தான் 'ரீகால்'. கார் கம்பெனிகள் செய்வதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஸ்கூபா கருவிகளுக்கும் இது அடிக்கடி நடக்கிற சங்கதி. இடுப்பில் கட்டும் எடைப் பை நடுக்கடலில் தானாகக் கழன்று விழுகிறது, மிதப்பு ஜாக்கெட்டில் காற்று நிரப்பும் பட்டன் சிக்கிக் கொள்கிறது, மீதிக் காற்றைக் காட்டும் மீட்டர் பொய் சொல்கிறது, ஆழத்தைத் தப்பாகக் காட்டுகிறது... இப்படியெல்லாம் காரணம் சொல்லிக் கருவிகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன.

ஒரு கம்பெனி ரீகால் அறிவித்தால் நம் ஆட்கள், "பாத்தியா, மட்டமான சரக்கை வித்துட்டான்!" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தவறு எல்லாத் தொழிற்சாலையிலும்தான் நடக்கும். அதை ஊரறியச் சொல்கிறவனைவிட, தெரிந்தும் வாயை மூடிக் கொண்டிருப்பவனிடம்தான் நாம் பயப்பட வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பெனி ஒழுங்காகச் சொல்லிவிட்டாலும், அந்தச் சேதி போய்ச் சேர வேண்டியவர் காதில் விழுகிறதா என்றால்... பெரும்பாலும் இல்லை. வாடகைக் கருவியை வாயில் வைப்பவருக்கோ, சுத்தமாக இல்லை!

கருவி கெட்டால் உடம்புக்கு என்ன?

சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்ஸிஜன் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி அடைத்து வைத்திருக்கிறார்கள். அதன் அழுத்தம் ஏறக்குறைய 200 பார். கார் டயரில் இருப்பதைப்போல 90 மடங்கு! அதை அப்படியே நெஞ்சுக்குள் விட முடியுமா? அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும், இழுக்கிற அளவுக்கு மட்டும் காற்றைக் கொடுப்பதுதான் 'ரெகுலேட்டர்'. 1943-ல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும், எமில் கான்யான் என்ற இன்ஜினீயரும் சேர்ந்து உருவாக்கியது. யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கேஸில் ஓட்டிய கார்களுக்காகக் கான்யான் செய்து வைத்திருந்த வால்வு ஒன்றைத்தான் கடலுக்குள் இறக்கினார்கள். நம் வீட்டு கேஸ் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த ரெகுலேட்டருக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக் கொள்ளுங்களேன்.

அதற்குள்ளே ஸ்பிரிங், ரப்பர் வளையம், மெல்லிய டயஃப்ரம் என்று குட்டிக் குட்டி சாமான்கள் இருக்கின்றன. குக்கர் கேஸ்கட் நாளாவட்டத்தில் இறுகிப் போவதுபோல இந்த ரப்பரும் இறுகும். கடல் உப்பு வேறு படியும். அதனால்தான் அவ்வப்போது கழற்றி சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். நல்ல விஷயம் ஒன்று: ரெகுலேட்டர் பழுதானால் பெரும்பாலும் காற்று நின்று போகாது; நிற்காமல் கொட்டும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். "அப்ப பயமில்லையே?" என்பீர்கள். பழகியவருக்குப் பயமில்லை. முதல் முறை இறங்கியவரின் வாயில் திடீரென்று காற்று குபுகுபுவென்று கொட்டி, கண்முன்னே குமிழிகளாக மறைத்தால்? பதறிப்போய் மூச்சை அடக்கிக்கொண்டு, கையையும் காலையும் உதைத்து மேலே பாய்வார். அங்கேதான் ஆபத்து.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் வெளியே போய்விடும். அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் என்ன செய்யும்? பலூன்தான்! நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால், மேலே வந்த சில நிமிடங்களிலேயே மயக்கம், பக்கவாதம், மரணம்கூட நேரலாம். இதற்குப் பெரிய ஆழமெல்லாம் தேவையில்லை. நீச்சல்குளத்து ஆழத்திலேயே நடக்கும். "எங்களை 5 மீட்டர்தான் சார் கூட்டிப் போனாங்க, அதுல என்ன?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஸ்கூபாவில் முதல் பாடம், மூச்சை அடக்காதே.

இன்னொரு ஆபத்து கொஞ்சம் சாவகாசமாக வரும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் கூடக்கூட அது ரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். மெதுவாக மேலே வந்தால் அதுவும் மெதுவாக வெளியேறிவிடும். படபடவென்று வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள்ளேயே நுரைக்கும். மூட்டு வலி, மரத்துப் போதல், தலைசுற்றல், மோசமானால் கால் விளங்காமல் போதல்... இதுதான் 'டீகம்ப்ரஷன்' நோய். எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது, எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று கணக்குப் போடத்தான் மணிக்கட்டில் 'டைவ் கம்ப்யூட்டர்' கட்டுகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரே கணக்கைத் தப்பாகப் போட்டால்?

போட்டது. நிஜமாகவே!

கணக்கில் விட்ட கோட்டை

ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உவாடெக் என்ற நிறுவனம் 'அலாதீன் ஏர் எக்ஸ் நைட்ராக்ஸ்' என்று ஒரு டைவ் கம்ப்யூட்டரைத் தயாரித்து, 1990-களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நைட்ராக்ஸ் என்பது ஆக்ஸிஜனைக் கூட்டி, நைட்ரஜனைக் குறைத்த காற்று. அனுபவமுள்ள டைவர்கள் கூடுதல் நேரம் கீழே இருப்பதற்காக அதைப் பயன்படுத்துவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை இறங்குவார்கள். நடுவில் படகில் ஏறி உட்கார்ந்து ஓய்வு எடுப்பார்கள்.

கோளாறு அந்த ஓய்வு நேரத்தில்தான் இருந்தது. படகில் உட்கார்ந்திருப்பவர் சாதாரணக் காற்றைத்தானே சுவாசிப்பார்? ஆரம்பத்தில் வந்த கம்ப்யூட்டர்களில், அவர் மேலே வந்த பிறகும் நைட்ராக்ஸையே சுவாசித்துக் கொண்டிருப்பதாக நினைத்துக் கணக்குப் போட்டுவிட்டது உள்ளே இருந்த புரோகிராம். அதனால் உடம்பிலிருந்து நிஜமாக வெளியேறியதைவிட அதிக நைட்ரஜன் வெளியேறிவிட்டதாகக் காட்டியது.

மளிகைக் கடைப் பற்று நோட்டைப்போல யோசித்துப் பாருங்கள். நீங்கள் 100 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். கடைப் பையன் 150 என்று வரவு வைத்துவிட்டான். "பாக்கி கொஞ்சம்தான் சார், இன்னும் வாங்கிக்குங்க" என்கிறான். மளிகைக் கடையில் லாபம் உங்களுக்கு. கடலில் அந்தப் பாக்கியை உடம்புதான் கட்ட வேண்டும்! கம்ப்யூட்டர் 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று காட்ட, டைவர் அதை நம்பி இரண்டாவது முறை இறங்கி, இருக்கக்கூடாத நேரத்துக்கு இருந்துவிட்டு வருவார்.

1996-லேயே புரோகிராமைத் திருத்திவிட்டார்கள். அதற்கு மேல் தயாரானவை சரியாகத்தான் இருந்தன. ஏற்கெனவே விற்றவை? அவை டைவர்களின் மணிக்கட்டிலேயே இருந்தன. முறையான ரீகால் எப்போது வந்தது தெரியுமா? 2003-ல். ஏழு வருடம்! நடுவில், அந்தக் கம்ப்யூட்டரை நம்பி இறங்கி டீகம்ப்ரஷன் நோய்க்கு ஆளானதாகச் சிலர் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். கம்பெனிக்குள்ளேயே ஒருவர் ஆரம்பத்திலேயே எச்சரித்தும் அவர் பேச்சு எடுபடவில்லை என்ற குற்றச்சாட்டும் அந்த வழக்குகளில் வந்தது.

அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று 1972-லிருந்து இருக்கிறது. விற்ற பொருளில் பெரிய ஆபத்து இருப்பதாகத் தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். சட்டம் அத்தனை கறாராக இருக்கிற ஊரிலேயே ஏழு வருடம் என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது அந்தப் புரோகிராம் பிழை அல்ல. மனிதன் எழுதுகிற கணக்கில் பிழை வரும். 'புதுசைச் சரி பண்ணிட்டோம், பழசை யார் கவனிக்கப் போறாங்க?' என்ற மனோபாவம் இருக்கிறதே, அதுதான்.

லிஸ்டில் பேர் இருக்கிறதா?

சரி, கம்பெனி யோக்கியமாக ரீகால் செய்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். அது யாருக்குப் போய்ச் சேரும்? கம்பெனியிடமோ கடைக்காரரிடமோ யார் பெயர் பதிவாகியிருக்கிறதோ அவருக்கு. நாலு கை மாறி செகண்ட் ஹேண்டில் வாங்கியவர் பெயர் இருக்காது. வாடகைக்கு எடுத்தவர் பெயர் எந்தக் காலத்திலும் இருக்காது. நாம் 30 நிமிடம் உபயோகித்துவிட்டு, ஈரத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறி விடுகிறோம்.

லிஸ்ட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஸ்கூபாவுக்கு வெளியே ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் நாட்டிலேயே நடந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபுய் என்ற கம்பெனி 'ஏ.எஸ்.ஆர்.' என்ற செயற்கை இடுப்பு மூட்டை விற்றது. உலோகத்தோடு உலோகம் உரசுகிற வகை. மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டிய கேஸ்கள் அதிகமானதால் 2010 ஆகஸ்ட்டில் உலகம் பூராவும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் இந்த மூட்டு வைத்து ஏறக்குறைய 4,700 ஆபரேஷன்கள் நடந்திருந்தன. மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2018-ல் வெளியானபோது என்ன தெரிந்தது? கம்பெனியின் உதவி எண் மூலம் தொடர்பில் வந்தவர்கள் சுமார் 1,080 பேர்தான். 3,600-க்கும் மேற்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை! ஆஸ்பத்திரியில் படுத்து, கையெழுத்துப் போட்டு, உடம்புக்குள்ளேயே பதித்துக் கொண்டவர்களையே கண்டுபிடிக்க முடியவில்லை.

இதே குழுமம் 1982-ல் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிகாகோ வட்டாரத்தில் யாரோ டைலெனால் மாத்திரையில் சயனைடு கலந்து 7 பேர் இறந்தபோது, கடைகளில் இருந்தவற்றையும் வீடுகளில் இருந்தவற்றையும் சேர்த்துச் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப அழைத்தது. ரீகால் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இன்றும் உதாரணம் காட்டுகிறார்கள். மாத்திரை என்றால் டி.வி.யில் சொன்னால் போதும், வீட்டிலிருக்கும் பாட்டிலைப் பார்த்து எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எந்த மாடல் என்று உபயோகிப்பவருக்கே தெரியாத பொருள் என்றால் அறிவிப்பு மட்டும் போதாது. தேடிப் போக வேண்டும்.

தேடிப் போக முடியும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. நம்மூரில் 2021 பிப்ரவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பிரஷர் குக்கரை விற்கக் கூடாது. அந்த விதியை மீறிய குக்கர்கள் அமேசானில் விற்பனையானதாகச் சொல்லி, 2022 ஆகஸ்ட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விற்ற 2,265 குக்கர்களையும் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. விஷயம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கேயும், வாங்கிய அத்தனை பேருக்கும் முதலில் தகவல் சொல்லுங்கள் என்றார்கள். ஆன்லைன் விற்பனை என்பதால் வாங்கியவர் பெயரும் விலாசமும் இருந்தது. அதனால்தான் இப்படிச் சொல்லவே முடிந்தது.

ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் இந்த ஆணையத்துக்கு 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே சட்டத்தில் கோளாறான பொருளால் உடம்புக்குக் கேடு வந்தால் தயாரித்தவர், விற்றவர் மட்டுமில்லை, சேவை கொடுத்தவரும் பொறுப்பேற்க வேண்டிய சூழ்நிலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. டைவிங் கடை கொடுப்பது சேவைதானே!

என் கட்சி இதுதான். வாடகைக்கு எடுப்பவர் பெயர் எந்த லிஸ்டிலும் வராது என்றால், வாடகைக்குக் கொடுப்பவர்தான் அவருக்காக லிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். சாகசச் சுற்றுலாவுக்கென்று மத்திய சுற்றுலா அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் ஸ்கூபாவும் உண்டு. வழிகாட்டி நெறி என்பது நம்மூரில் பூஜை அறையில் வைத்த புத்தகம் மாதிரி. மரியாதையாகத் தொட்டுக் கும்பிடுவோம், பிரித்துப் பார்க்க மாட்டோம்! அதனால் இதை லைசென்ஸோடு முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும், ஜாக்கெட்டுக்கும், கம்ப்யூட்டருக்கும் ஒரு ரிஜிஸ்தர். கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், சர்வீஸ் தேதி, ரீகால் பட்டியலைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி. சைக்கிள் வாடகைக் கடையிலேயே நோட்டு வைத்திருந்த ஊர் இது. முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தேதிகளை ஒரு போர்டில் எழுதி வாசலில் மாட்டட்டும். ஹோட்டலில் 'இன்றைய ஸ்பெஷல்' எழுதுகிறார்கள் அல்லவா, அதுபோல.

டைவிங் கடைக்காரர்கள் மேல் பழி போடுவதாக நினைக்க வேண்டாம். இன்ஸ்ட்ரக்டரும் அதே கருவியைத்தான் வாயில் வைத்துக்கொண்டு தினமும் நாலு முறை இறங்குகிறார். ஒழுங்கான கடைக்காரருக்கு இந்த ரிஜிஸ்தர் ஒரு பெருமை. இரண்டு தெரு தள்ளி, பழைய கருவிகளை வைத்துக்கொண்டு ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்கிற போட்டியாளரிடமிருந்து அவரைக் காப்பாற்றுவதும் அதுவே.

என்ன கேட்கலாம்?

நம்மவர்களுக்குக் கேள்வி கேட்பதில் ஒரு கூச்சம். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற நாம், உயிர் போகிற விஷயத்தில் "அவங்களுக்குத் தெரியாததா?" என்று விட்டு விடுகிறோம். தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பிடித்து, மூச்சை அடக்கி இறங்குவார்கள். மேலே படகில் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று சொல்வதுண்டு. கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறதே, அசட்டையாக இருப்பானா? நாம் கயிற்றைக் கொடுப்பது முன்பின் தெரியாத ஒருவர் கையில். நாலு வார்த்தை கேட்டால் குற்றமில்லை.

"இந்த ரெகுலேட்டர் கடைசியா எப்ப சர்வீஸ் ஆச்சு, யார் பண்ணினாங்க?" என்று கேளுங்கள். "ரீகால் ஏதாவது வந்திருக்கா, பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். பதில் என்ன என்பதைவிட, பதில் வருகிற விதம் முக்கியம். நோட்டை எடுத்துக் காட்டினால் நிம்மதியாக இறங்கலாம். "அதெல்லாம் பர்ஃபெக்டா இருக்கும் மேடம், நீங்க கவலையே படாதீங்க" என்று சிரித்தால், நான் கவலைப்படுவேன். சிலிண்டர் கழுத்தருகே சோதனைத் தேதி பொறித்திருக்கும், பாருங்கள். மௌத்பீஸ் கடித்துக் கிழிந்திருக்கிறதா, ஹோஸ் குழாயில் வெடிப்பு தெரிகிறதா பாருங்கள். தண்ணீருக்குப் போகும் முன் கரையிலேயே ஐந்தாறு முறை மூச்சு இழுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது மீட்டர் முள்ளைக் கவனியுங்கள். முள் ஆடாமல் நிற்க வேண்டும். இழுக்க இழுக்க முள் இறங்கி ஏறினால் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். இன்ஸ்ட்ரக்டரிடம் உபரியாக ஒரு மௌத்பீஸ் தொங்கும், பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில். அது எங்கே இருக்கிறது, எப்படி எடுக்க வேண்டும் என்று தரையிலேயே காட்டச் சொல்லுங்கள்.

சொந்தமாகக் கருவி வாங்கியிருக்கும் பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களுக்கு ஒன்றே ஒன்று: அட்டைப் பெட்டியோடு வருகிற பதிவு அட்டையை நிரப்புங்கள், இல்லாவிட்டால் கம்பெனியின் இணைய தளத்தில் சீரியல் நம்பரைப் பதியுங்கள். அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பினார் என்றால் அண்ணன் பெயரில் பதிவாகியிருக்கும், மாற்றிக் கொள்ளுங்கள். நண்பருக்கு விற்றால் பில்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

கருவிக்கு மட்டுமில்லை, உங்களுக்கும் சோதனை உண்டு. இறங்கும் முன் ஒரு ஃபாரம் நீட்டுவார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, காதில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, கர்ப்பமா என்று கேள்விகள் இருக்கும். 'உண்டு'ன்னு எழுதினா விடமாட்டாங்க என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்கள் அநேகம். கருவியின் சரித்திரத்தை அவர் மறைக்கக் கூடாது என்றால், உடம்பின் சரித்திரத்தை நாம் மறைப்பது என்ன நியாயம்? அந்த ஃபாரத்தின் அடியில் 'என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒரு வரி வேறு இருக்கும். கடலின் இயல்பான ஆபத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறோம், சரி. ரீகால் ஆன கருவியைக் கொடுப்பதற்கும் அது சம்மதம் ஆகிவிடாது. என் அபிப்பிராயம் இது.

திரும்பி வரும்போது ஒரு எச்சரிக்கை. காலையில் டைவிங், மத்தியானம் ஃப்ளைட் என்று டிக்கெட் போடாதீர்கள். மேலே போகப் போக விமானத்துக்குள் அழுத்தம் குறையும். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே நுரைக்கலாம். ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியவர் 18 மணி நேரம் பொறுத்து விமானம் ஏறுவது நல்லது. கடலிலிருந்து வந்த பிறகு மூட்டு வலி, மரத்துப் போதல், தலைசுற்றல், நெஞ்சு வலி, அசாதாரணமான அசதி எது வந்தாலும் "வெயில்ல சுத்தினது" என்று சமாதானம் சொல்லாமல் உடனே டாக்டரிடம் போய், "நான் டைவிங் போனேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆக்ஸிஜன் கொடுப்பதும், அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்வதும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

கருவி தகராறு செய்தது என்று சந்தேகம் வந்தால், அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கம்பெனி பெயரையும் சீரியல் நம்பரையும் ஒரு போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். மீன்களோடு அத்தனை போட்டோ எடுத்த கேமராதானே! கடைக்காரரிடம் எழுத்தில் சொல்லுங்கள். அவர் காது கொடுக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அந்தக் கம்பெனிக்கும் ஒரு மெயில் தட்டி விடுங்கள். கருவியை அடுத்த நாள் காலை வேறொருவர் வாயில் வைக்கப் போகிறார். அவருக்குச் சேதி சொல்ல இப்போதைக்கு உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை.